கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி

கல்லிடைக்குறிச்சி ஐயா நீலகண்ட சாஸ்திரி (ஆகஸ்ட் 12, 1892 - ஜூன் 15, 1975) தென்னிந்திய வரலாற்றை எழுதியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் வரலாற்றாய்வாளர் ஆவார். பாண்டியர், சோழர், விசயநகரம், சிறீவிசயம் ஆகிய அரசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல்களை எழுதினார். 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறைப் பேராசிரியராக இருந்தார். கோயில் சுவர்களிலும் செப்பேடுகளிலும் சிதறிக் கிடந்த செய்திகளைக் காலவரிசைப்படுத்தித் தொடர்ச்சியான வரலாறாக ஆக்கியது இவரது முக்கியமான பங்களிப்பாகும். இவரது முடிவுகள் பல பின்னாளில் மறுக்கப்பட்டன. எனினும் மறுத்தவர்களும் இவர் அமைத்துத் தந்த அடித்தளத்தின் மீது நின்றே மறுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரலாறு என்பது பல நாடுகளில் புராணத்திலிருந்தும் அரசவைப் புகழ்ச்சியிலிருந்தும் பிரிந்து தனித்துறையாக வளரத் தொடங்கியது. செருமனியில் ராங்கே வகுத்த மூல ஆவண ஆய்வு முறை பிற நாடுகளுக்கும் பரவியது. நவீனமாகிக் கொண்டிருந்த சப்பானில் அம்முறையைக் கற்பிக்க லுட்விக் ரீஸ் என்ற செருமானிய அறிஞர் 1887இல் தோக்கியோ சென்றார். அங்கு பேராசிரியராக இருந்த குமே குனிதாக்கே, சிந்தோ சமயத்தைப் பழங்கால வான் வழிபாட்டின் எச்சம் என்று எழுதியதற்காக 1892இல் பதவியை இழந்தார். நீலகண்ட சாஸ்திரி பிறந்ததும் அதே ஆண்டில்தான். மூலங்களைச் சோதித்து எழுதும் வரலாறும், மக்கள் போற்றும் பழம்பெருமையும் மோதிக்கொள்ளும் இச்சிக்கலை வேறு வடிவத்தில் இவரும் எதிர்கொள்ள நேர்ந்தது.

தமிழகத்தில் இப்பணிக்கான மூலப்பொருள் பெரும்பாலும் கல்வெட்டுகளாகவே இருந்தது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த உல்சு என்பவரின் முயற்சியால் 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி ஆகியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். வி. கனகசபைப் பிள்ளை சங்க இலக்கியங்களின் துணையோடு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1904இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914இல் இந்திய வரலாற்றுத் துறைக்கு முதல் பேராசிரியராகச் சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்கார் அமர்த்தப்பட்டார். நீலகண்ட சாஸ்திரி ஆய்வுலகிற்குள் நுழைந்தபோது படிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் ஓர் அரச மரபின் முழு வரலாற்றையும் அவற்றிலிருந்து எழுதிக் காட்டும் பெரும் பணி எஞ்சியிருந்தது.

இளமையும் கல்வியும்

நீலகண்ட சாஸ்திரி திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். திருநெல்வேலி ம. தி. தா. இந்துக் கல்லூரியில் இடைநிலைப் படிப்பை முடித்த பின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். அத்தேர்வில் சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார்.

ஆசிரியப் பணி

தாம் பயின்ற திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலேயே 1913இல் விரிவுரையாளராகச் சேர்ந்து 1918 வரை பணியாற்றினார். அதன் பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக 1920 வரை இருந்தார். 1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரிக்கு முதல்வராக அழைக்கப்பட்டார். இக்கல்லூரியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1929இல் சிறிது காலம் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் பணியாற்றிய இவர், அதே ஆண்டில் கிருஷ்ணசாமி ஐயங்கார் ஓய்வு பெற்றதைத் தொடர்ந்து சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த 17 ஆண்டுகளே இவரது ஆய்வு வாழ்வின் வளமான காலம் எனலாம்.

இவரது துறையில் பயின்று ஆய்வு செய்தவர்களுள் சி. மீனாட்சி (1905-1940) குறிப்பிடத்தக்கவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான இவர், பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றி எழுதிய நூல் 1938இல் வெளிவந்தது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியராக விளங்கிய டி. வி. மகாலிங்கமும் இத்துறையில் உருவானவரே.

ஆய்வு முறை

சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு வரலாறு எழுதுவது எளிய செயல் அன்று. தொடர் ஆண்டு முறை ஒன்றைச் சோழர் கல்வெட்டுகள் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. மன்னன் முடிசூடியதிலிருந்து எண்ணப்படும் ஆட்சியாண்டு மட்டுமே அவற்றில் தரப்படுகிறது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். முதலாம் இராசராசன் காலத்திற்கு முற்பட்ட கல்வெட்டுகள் பலவற்றில் இப்பட்டம் மட்டுமே இருக்கும். ஆகவே, பரகேசரியின் 10 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அது எந்தப் பரகேசரியுடையது என்ற கேள்வி எழும். எழுத்தமைதி, கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்கள், கோயிலின் கட்டட அமைப்பு, வானியல் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே இதற்கு விடை காண வேண்டும். வானியல் குறிப்புகளைக் கணித்து ஆண்டுகளை உறுதி செய்வதில் கீல்கார்ன், எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை ஆகியோரின் பணி அவருக்குத் துணை நின்றது. முதலாம் இராசராசன் 985 ஆம் ஆண்டில் பதவியேற்றான் என்று இன்று பாடநூல்கள் கூறுவதற்குப் பின்னால் இத்தகைய கணிப்பு உள்ளது.

இராசராசன் காலம் முதல் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி இடம்பெறலாயிற்று. மன்னனின் வெற்றிகள் அதில் வரிசையாகக் கூறப்பட்டு, ஆண்டுதோறும் புதிய வெற்றிகள் சேர்க்கப்பட்டன. ஒரு வெற்றி எந்த ஆட்சியாண்டில் முதன்முதலாகத் தோன்றுகிறது என்பதைப் பார்த்து அப்போர் நிகழ்ந்த காலத்தை நெருங்க முடியும். இவ்வழியை நீலகண்ட சாஸ்திரி விரிவாகப் பயன்படுத்தினார். மெய்க்கீர்த்தி அரசவைப் புகழுரை என்பதால் அதைச் செப்பேடுகளோடும், சாளுக்கியர் முதலிய எதிர்தரப்பினரின் கல்வெட்டுகளோடும், இலங்கையின் மகாவம்சத்தோடும் ஒப்பிட்டார். சென்னைக்கு மேற்கே உள்ள திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் இவ்வகையில் அவருக்கு மிகவும் பயன்பட்டன. எனினும் அவற்றின் வடமொழிப் பகுதியில் வரும் தொன்ம மன்னர் வரிசையை வரலாறாக அவர் ஏற்கவில்லை.

பாண்டியரும் சோழரும்

தொடக்க காலம் முதல் 16 ஆம் நூற்றாண்டு வரையிலான பாண்டியர் வரலாற்றைக் கூறும் இவரது நூல் 1929இல் வெளிவந்தது. சோழர் ஆட்சி முறை குறித்த கட்டுரைத் தொகுப்பு 1932இல் வந்தது. இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படும் சோழர்கள் என்னும் நூலின் முதல் தொகுதி 1935 ஆம் ஆண்டிலும், இரண்டாம் தொகுதி 1937 ஆம் ஆண்டிலும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. திருத்திய பதிப்பு 1955இல் வெளியானது.

சங்க காலச் சோழர் முதல் 13 ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராசேந்திரனோடு அம்மரபு முடிவுற்றது வரை இந்நூல் கூறுகிறது. போர்களோடு நில்லாமல் அரசாங்கம், ஊராட்சி, வரி, நில உரிமை, கல்வி, சமயம், இலக்கியம், கலை ஆகியவற்றுக்கும் தனி இயல்கள் உண்டு. ஆண்டறிக்கைகளில் சுருக்கமாக மட்டும் வெளிவந்திருந்த கல்வெட்டுகளையும் எண்ணும் ஆண்டும் குறித்து அடிக்குறிப்புகளில் சுட்டியிருக்கிறார். இதனால் படிப்பவர் எவரும் மூலத்தைத் தேடிச் சென்று ஆசிரியரின் கூற்றைச் சரிபார்க்க இயலும். தமிழக வரலாற்று நூல்களில் இப்பழக்கம் வேரூன்றியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள்

முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டு, வாரிய உறுப்பினர்கள் தெரிவு செய்யப்பட்ட முறையை இவை கூறுகின்றன. சொந்த நிலம், சொந்த மனை, வயது வரம்பு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாகும். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களது உறவினர்களும் விலக்கப்பட்டனர். விடுதலைப் போராட்டக் காலத்தில் இக்கல்வெட்டுகள் பழந்தமிழகத்தின் மக்களாட்சிக்குச் சான்றாகப் பெருமையுடன் எடுத்துக்காட்டப்பட்டன. வலிமை மிக்க மைய அரசும் தன்னாட்சி பெற்ற ஊரவைகளும் இணைந்து இயங்கியதே சோழராட்சியின் சிறப்பு என்பது நீலகண்ட சாஸ்திரியின் கருத்து. உத்தரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதையும், அங்கிருந்த சபை வேளாளர் ஊர்களின் ஊர் என்னும் அவையிலிருந்து வேறானது என்பதையும் மனத்தில் கொண்டே இதனைப் படிக்க வேண்டும்.

உடையார்குடிக் கல்வெட்டு

ஒரு கல்வெட்டு எத்தனை வாதங்களுக்கு இடமளிக்கும் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டு சிறந்த எடுத்துக்காட்டாகும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள இது, இராசகேசரியின் 2 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இராசராசனின் அண்ணனான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர்களுடைய உடைமைகளைப் பறிமுதல் செய்யும் அரச ஆணையை இது கூறுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் இதில் காணப்படுகின்றன. இக்கல்வெட்டைப் பதிப்பித்தவர் நீலகண்ட சாஸ்திரியே.

கரிகாலன் கொலையுண்ட பின் அரியணை ஏறியவன் உத்தம சோழன். அவன் ஆண்ட ஏறக்குறைய 15 ஆண்டுகளில் தண்டனை பற்றிய செய்தி இல்லை. இராசராசனின் தொடக்க ஆண்டிலேயே அது வருகிறது. ஆகவே உத்தம சோழனுக்குச் சதியில் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி கருதினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்து, கல்வெட்டில் அதற்குச் சான்றில்லை என வாதிட்டார். இவ்வாதம் ஆய்வாளர்களோடு நிற்கவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வன் புதினத்தின் மர்மமும் இக்கொலையைச் சுற்றியே பின்னப்பட்டதாகும். கொலையின் உண்மைக் காரணம் இன்றும் உறுதி செய்யப்படவில்லை.

கடல் கடந்த தொடர்புகள்

தமிழகத்திற்கும் தென்கிழக்காசியாவிற்கும் இருந்த தொடர்புகளில் நீலகண்ட சாஸ்திரி மிகுந்த ஆர்வம் காட்டினார். சுமாத்திராவின் பாரூசு பகுதியில் 1873இல் கிடைத்த 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டை ஆராய்ந்து 1932இல் கட்டுரை வெளியிட்டார். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு அங்கு செயல்பட்டதை இக்கல்வெட்டு காட்டுகிறது. தாய்லாந்தின் தகுவாபா பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டையும் ஆராய்ந்தார். அவனிநாரணம் என்னும் குளம் ஒன்று மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விடப்பட்டதை அது குறிக்கிறது. சோழரின் படையெடுப்போடு மட்டும் இணைத்துப் பேசப்பட்டு வந்த கடல் கடந்த உறவுக்கு வணிகர்களின் நெடிய வரலாறு ஒன்றும் உண்டு என்பதை இவை உணர்த்தின.

சிறீவிசயம் என்பது ஒரு பேரரசின் பெயர் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் செடேசு 1918இல் நிறுவினார். அப்பேரரசின் வரலாற்றைச் சென்னைப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளாக நீலகண்ட சாஸ்திரி நிகழ்த்தினார். அவை 1949இல் நூலாயின. இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பிய நட்பு அரசு, 1025இல் இராசேந்திரனின் கடற்படைக்கு இலக்கானது எவ்வாறு என்பதை இந்நூலில் காணலாம்.

தென்னிந்திய வரலாறு

மெகசுதனிசு முதல் மா குவான் வரையிலான அயல்நாட்டார் குறிப்புகளைத் தொகுத்து 1939இல் வெளியிட்டார். என். வெங்கடரமணய்யாவுடன் இணைந்து விசயநகர வரலாற்றுக்கான மூலங்களை 1946இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1955இல் வெளிவந்த தென்னிந்திய வரலாறு, தொல்பழங்காலம் முதல் விசயநகரத்தின் வீழ்ச்சி வரையிலான செய்திகளை ஒரே நூலில் தருகிறது. இந்திய வரலாறு என்ற பெயரில் வட இந்திய அரசுகளின் வரலாறே பெரிதும் எழுதப்பட்டு வந்த நிலையில், விந்தியத்திற்குத் தெற்கே உள்ள நிலப்பகுதிக்குத் தனியான, தொடர்ச்சியான வரலாறு உண்டு என்பதை இந்நூல் கல்லூரி மாணவர்களிடம் கொண்டு சேர்த்தது. பல பதிப்புகள் கண்ட இந்நூல் போட்டித் தேர்வு எழுதுவோராலும் படிக்கப்பட்டு வருகிறது.

பிற்காலம்

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1946இல் ஓய்வு பெற்ற பின்னரும் இவரது பணி தொடர்ந்தது. 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராக இருந்தார். 1954இல் மைசூர் மாநிலத் தொல்லியல் துறை இயக்குநர் பொறுப்பையும் வகித்தார். 1957 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள், யுனெசுக்கோ ஆதரவுடன் சென்னையில் இயங்கிய தென்கிழக்காசிய மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 1959இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வரலாறு குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்திய அரசு 1957இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. 80 ஆம் வயதிலும் சங்க இலக்கியம் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1975 ஜூன் 15 அன்று காலமானார்.

விமர்சனங்கள்

நீலகண்ட சாஸ்திரியின் மீதான விமர்சனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது மொழி பற்றியது. இவர் தமது ஆய்வு நூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழ் இலக்கியச் சான்றுகளுக்கு எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையைப் பெரிதும் நாடினார் என்றும், சொற்கள் காலந்தோறும் பொருள் மாறுவதைத் தாமே ஆராயும் அளவுக்குத் தமிழ்ப் புலமை இவருக்கு இல்லை என்றும் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். மா. இராசமாணிக்கனாரின் சோழர் வரலாறும் (1947), சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் தமிழிலேயே எழுதப்பட்டு, தமிழறிந்த பொதுமக்களைச் சென்றடைந்தன. சோழர்கள் நூலோ கே. வி. இராமனின் மொழிபெயர்ப்பில் ஆசிரியரின் மறைவுக்குப் பின்னரே தமிழில் வந்தது. தமிழரின் வரலாற்றை எழுதிய நூலைத் தமிழர் தம் மொழியில் படிக்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நோக்கு பற்றியது. தமிழ்ப் பண்பாட்டின் வளர்ச்சியில் வடமொழி, ஆரியச் செல்வாக்கிற்கு இவர் அளவுக்கு மீறி முதன்மை அளித்தார் என்பது திராவிட இயக்கக் காலத்தில் வலுவாக எழுந்த குற்றச்சாட்டு ஆகும். களப்பிரர் காலத்தை இருண்ட காலமாகக் கண்ட இவரது நோக்கும் ஏற்கப்படவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி களப்பிரர் காலத்தைத் தனி நூலாக எழுதி வேறு சித்திரத்தைத் தந்தார். நீலகண்ட சாஸ்திரியின் மறைவுக்குப் பின் கண்டறியப்பட்ட பூலாங்குறிச்சிக் கல்வெட்டு அக்கால ஆட்சி பற்றிப் புதிய செய்திகளை வழங்கியது.

மூன்றாவது சோழ அரசின் இயல்பு பற்றியது. 1980இல் வெளிவந்த நூலில் பர்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர், சோழ அரசு அதிகாரிகளைக் கொண்ட மைய அரசு அன்று, நாடு என்னும் வேளாண் வட்டாரங்களின் தளர்ந்த கூட்டே என்று வாதிட்டார். வலிமை மிக்க மைய அரசும் தன்னாட்சி பெற்ற ஊரவைகளும் ஒருங்கே இருந்தன என்பது முரண் என்றும் சுட்டினார்.

கராசிமாவும் அடுத்த தலைமுறையும்

சப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராசிமா (1933-2015) 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கித் தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்றார். மன்னர்களை விடுத்து நிலத்தை யார் எவ்வாறு உடைமையாகக் கொண்டிருந்தனர் என்று கேட்டார். காவிரிக் கரையில் அருகருகே அமைந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனியுடைமையும், வேளாளர் ஊரான அல்லூரில் பொதுவுடைமையும் மேலோங்கியிருந்ததைக் காட்டினார். எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை அட்டவணைப்படுத்தி 1978இல் வெளியிட்டார். அதிகாரப் பட்டங்களும் வரிப் பெயர்களும் எந்தக் காலத்தில், எவ்வளவு எண்ணிக்கையில் வருகின்றன என்று கணக்கிட்டு, இராசராசன் காலம் முதல் மைய ஆட்சியை வலுப்படுத்தும் முயற்சி நடந்ததை எடுத்துக்காட்டினார். இதனால் ஸ்டெயினின் கருத்தும் முழுமையாக நிலைக்கவில்லை.

சில எடுத்துக்காட்டுக் கல்வெட்டுகளைக் கொண்டு பொது முடிவுக்கு வருவது நீலகண்ட சாஸ்திரியின் முறை. அனைத்தையும் எண்ணிப் பார்ப்பது கராசிமாவின் முறை. ஆயினும் எண்ணுவதற்கு முன் ஒவ்வொரு கல்வெட்டும் எந்த மன்னனுடையது, எந்த ஆண்டினது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் நீலகண்ட சாஸ்திரி முதன்மையானவர். அவரது நூல்கள் இன்றும் தேடிப் படிக்கப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

எழுதிய, பதிப்பித்த நூல்களுட் சில

(ஆங்கில நூல்களின் பெயர்கள் தமிழாக்கித் தரப்பட்டுள்ளன.)

- பாண்டிய அரசு (1929)
- சோழர் வரலாறு, ஆட்சி முறை பற்றிய ஆய்வுகள் (1932)
- சோழர்கள் (1935, 1937, திருத்திய பதிப்பு 1955)
- தென்னிந்தியா பற்றிய அயல்நாட்டார் குறிப்புகள் (1939)
- விசயநகர வரலாற்றுக்கான மேலும் சில மூலங்கள், வெங்கடரமணய்யாவுடன் (1946)
- சிறீவிசய வரலாறு (1949)
- நந்தர் மௌரியர் காலம், பதிப்பாசிரியர் (1952)
- தென்னிந்திய வரலாறு (1955)
- தென்னிந்தியாவில் சமய வளர்ச்சி (1963)
- சங்க இலக்கியம்: வழிபாடுகளும் பண்பாடுகளும் (1972)